வெடிமருந்துக்கும் இரும்புக்கும் நடுவே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த சுஷிமா கடற்போர் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1905ஆம் ஆண்டு மே 27 அன்று பிற்பகல், ஜப்பானியக் கடற்படைத் தளபதி தோகோவின் கப்பல்கள் ரஷ்ய அணிவரிசைக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திரும்பிய காட்சியைக் கட்டுரையாளர் வரைபடத்தின் துணையில்லாமலே கண்முன் நிறுத்திவிட்டார். அதற்கு என் பாராட்டு. ஆனால் கட்டுரையின் இறுதிப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் வருகிறது. ஷிமோஸ் என்ற விஞ்ஞானி உலகம் அதுவரை அறியாத ஒரு வெடிமருந்தைக் கண்டுபிடித்தார் என்றும், ஜப்பானின் வெற்றிக்கு அதுவே காரணம் என்றும் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது கட்டுரை. அந்த வாக்கியத்தை என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு அதில் தவறாகப் பதிவாகியிருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1991இல் ஆராய்ச்சி மாணவியாக ஜப்பானுக்கு வந்தேன். படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலையில் சேர்ந்து, சென்ற வசந்தகாலத்தில் ஓய்வு பெறும் வரை ஒரே தொழிலைத்தான் செய்தேன். அமிலம் சேமிக்கும் இரும்புத் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் உள்பூச்சு பூசுவது, பூசியது நிற்கிறதா என்று சோதிப்பது. அமிலம் இரும்பைத் தொடக்கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கியவள். அதனால்தான் ஷிமோசேயின் (கட்டுரை 'ஷிமோஸ்' என்று எழுதியவரின் சரியான பெயர் இதுதான்) வாழ்க்கையை ஒரு போர்க்கதையாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. அவர் என் தொழிலின் மூத்தவர்.

முதலில் அந்த வெடிமருந்து. பிக்ரிக் அமிலம் என்பது அதன் பெயர். அதை ஜப்பானில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1771இலேயே பீட்டர் வுல்ஃப் என்ற வேதியியலாளர் அவுரி நீலத்தை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து அதைத் தயாரித்தார். நீலத்திலிருந்து பளீரென்ற மஞ்சள் வந்தது. பட்டுக்கும் கம்பளிக்கும் மஞ்சள் சாயம் ஏற்ற ஐரோப்பாவில் அதைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். நாக்கில் பட்டால் தாங்க முடியாத கசப்பு. கசப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'பிக்ரிக்' என்ற பெயரே வந்தது. சாயப்பட்டறைகளில் அவ்வளவு காலம் சாதுவாகக் கிடந்த பொருளைத் தக்க தூண்டல் கொடுத்தால் வெடிக்கச் செய்யலாம் என்று 1871இல் ஸ்ப்ரெங்கெல் காட்டினார். 1885 வாக்கில் பிரான்சில் டர்பின் அதைப் பீரங்கிக் குண்டுக்குள் அடைக்கும் வழியைக் கண்டார். பிரெஞ்சு ராணுவம் அதற்கு மெலினைட் என்று பெயரிட்டது. பிரிட்டிஷார் கென்ட் மாவட்டத்து லிட் என்ற ஊரில் அதைச் சோதித்து, ஊரின் பெயரால் லிடைட் என்று அழைத்தார்கள். மெலினைட், லிடைட், ஷிமோசே மருந்து என மூன்று பெயர்கள் இருந்தாலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்.

ஜப்பானில் இன்னும் ஒரு கதை சொல்லப்படுகிறது. பிரான்சுக்குப் போன ஒரு கடற்படை அதிகாரி, பார்வையிடக் கொடுத்த தூளில் சிறிதை நகக்கண்ணில் ஒளித்துக்கொண்டு வந்தாராம். கேட்கச் சுவையான கதை. ஆனால் தூள் கையில் கிடைப்பது இந்த வேலையில் எளிய பாதி. கடினமான பாதியைச் சொல்வதற்கு முன் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஷிமோசே மசாச்சிகா 1860 ஜனவரியில் ஹிரோஷிமாவில் பிறந்தார். ஹிரோஷிமா சமஸ்தானத்தின் துப்பாக்கிப் பணியில் இருந்த சாமுராய் குடும்பம். அவர் சிறுவனாக இருந்தபோதே 1871இல் சமஸ்தானங்கள் ஒழிக்கப்பட்டன. பரம்பரைத் துப்பாக்கிப் பணி இல்லாமல் போனது. அந்தத் தலைமுறையின் எத்தனையோ சாமுராய்ப் பிள்ளைகளைப்போல் அவரும் வாளுக்குப் பதிலாகப் பாடப்புத்தகத்தை எடுத்தார். டோக்கியோவில் புதிய அரசு தொடங்கியிருந்த பொறியியல் கல்லூரியில் வேதியியல் படித்து 1884இல் பட்டம் பெற்றார். அங்கே வேதியியல் கற்பித்தவர் எட்வர்ட் டைவர்ஸ் என்ற ஆங்கிலேயர். ஷிமோசே பட்டம் பெற்ற அதே ஆண்டில், ஆய்வகத்தில் ஒரு குப்பி வெடித்து டைவர்ஸ் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். வேதியியல் மனித உடலிடம் என்ன விலை கேட்கும் என்பதை அந்தக் கல்லூரியிலிருந்து வெளியேறிய இளைஞர்கள் அறியாமல் இருந்திருக்க முடியாது.

பட்டம் பெற்றதும் ஷிமோசே எங்கே போனார் தெரியுமா? கடற்படைக்கு அல்ல. நிதி அமைச்சகத்தின் அச்சகத்துக்கு. அங்கே அவர் வேலை மை ஆராய்ச்சி. பணத்தாள் அச்சிடும் மை.

தங்கள் கட்டுரையில் மட்டுமல்ல, நான் படித்த பல போர் வரலாறுகளிலும் இந்த மூன்று ஆண்டுகள் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை. எனக்கோ அவருடைய பணிவாழ்க்கையின் திறவுகோல் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. மை என்பது என்ன? ஒரு பரப்பின் மேல் நிற்க வேண்டிய மெல்லிய படலம். அது பரவ வேண்டும், ஒட்ட வேண்டும், உலர வேண்டும், உலர்ந்தபின் உரியக்கூடாது, வியர்வைக் கைகளில் ஆயிரம் முறை மாறினாலும் கரையக்கூடாது. மூன்று ஆண்டுகள் அதையே நினைத்துக்கொண்டிருந்தவர் 1887இல் கடற்படையின் ஆயுதத் தொழிற்சாலைக்கு வெடிமருந்துப் பொறியாளராக வருகிறார். வந்தவர் முன்னால் வைக்கப்பட்ட சிக்கலும் கடைசியில் ஒரு படலத்தின் சிக்கலாகவே முடிந்தது. இது என் ஊகம்தான். ஆனால் பூச்சுத் தொழிலில் முப்பது ஆண்டு இருந்தவளின் ஊகம்.

அந்தச் சிக்கல் இதுதான். பிக்ரிக் அமிலம் பெயருக்கேற்ப ஓர் அமிலம். இரும்போடும் ஈயத்தோடும் தாமிரத்தோடும் சேர்ந்தால் மெல்ல மெல்ல உப்புகளாக மாறும். அந்த உப்புகளுக்குப் பிக்ரேட் என்று பெயர். அமிலமே பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு அவை முரட்டுத்தனமானவை. சிறு உராய்வு போதும், லேசான தட்டு போதும். பீரங்கிக் குண்டின் ஓடு எஃகால் ஆனது. அதற்குள் இந்த அமிலத்தை நேரடியாக ஊற்றினால், கிடங்கில் கிடக்கும் காலத்திலேயே குண்டின் உட்சுவரில் இந்த உப்பு படரும். பிறகு பீரங்கியில் ஏற்றிச் சுடும்போது, குண்டு குழாயை விட்டுக் கிளம்பும் முன்னரே அந்த அதிர்ச்சியில் வெடிக்கலாம். எதிரியைத் தாக்கப் புறப்பட்ட குண்டு தன்னை ஏற்றியவனைக் கொல்லும்.

இந்த அச்சத்தை நான் ஏட்டில் மட்டும் அறிந்தவள் அல்ல. மாணவியாக இருந்த முதல் டிசம்பரில் ஆய்வகத்தில் ஆண்டிறுதிச் சுத்தம் நடந்தது. ஜப்பானில் எல்லா ஆய்வகங்களிலும் எல்லா வீடுகளிலும் நடக்கும் பெருஞ்சுத்தம். நிலத்தடி அறை அலமாரியின் பின்வரிசையை ஒழிக்கும் வேலை எனக்கு. பழுப்பேறிய சிறு கண்ணாடிப் புட்டி ஒன்று கையில் வந்தது. உள்ளே மஞ்சள் பொடி. மூடியின் திருகுமறையைச் சுற்றிப் பொன்தூள் அப்பியதுபோல் மஞ்சள் படிகங்கள். பிக்ரிக் அமிலத்தை எப்போதும் நீரில் நனைத்தே வைத்திருக்க வேண்டும். அந்த நீர் எப்போதோ வற்றிவிட்டிருந்தது. நான் மூடியைத் திறக்கப் போனேன். அறையின் மறுகோடியில் இருந்த பேராசிரியர் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில், "திருகாதே. இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு என்னிடம் வா" என்றார். வைத்தேன். கட்டடம் முழுவதும் காலி செய்யப்பட்டது. வல்லுநர்கள் வந்து அதை எடுத்துப் போனார்கள். மூடியைத் திருகியிருந்தால் மறைக்குள் இருந்த படிகங்கள் உரசியிருக்கும். அந்த இரவு நெடுநேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்நுனிகளில் மஞ்சள் கறை போகவில்லை.

ஷிமோசேயின் கையில் அப்படிப்பட்ட நல்லூழ் இல்லை. ஆராய்ச்சியின்போது நேர்ந்த வெடிவிபத்தில் அவருடைய இடக்கை கடுமையாகக் காயப்பட்டது. அவர் ஆராய்ச்சியை விடவில்லை. ஆறிய கையோடு அதே பொருளிடம் திரும்பிப் போனவரை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அவர் கண்ட தீர்வு, ஜப்பானியர் ஒவ்வொருவர் வீட்டிலும் சூப் கிண்ணத்தின் மேல் இருந்தது. உருஷி. உருஷி மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். மரக்கிண்ணங்களுக்கும் பெட்டிகளுக்கும் கோயில் தூண்களுக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே பூசப்படுவது. ஷிமோசே குண்டின் உட்சுவருக்கு உருஷி பூசினார். அந்தப் பூச்சுக்கும் அமிலத்துக்கும் இடையே மெழுகையும் வைத்தார். இரும்புக்கும் அமிலத்துக்கும் நடுவே இரண்டு தடுப்புகள்.

இதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது எவ்வளவு எளிது என்பதால்தான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். உருஷி மற்ற வண்ணப்பூச்சுகளைப்போல் வெயிலில் காய்வதில்லை. அதற்கு ஈரம் வேண்டும். மரப்பாலில் உள்ள ஒரு நொதி, காற்றிலுள்ள ஈரத்தில்தான் வேலை செய்து அந்தப் படலத்தைக் கெட்டியாக்கும். அந்த நொதியின் செயலை 1883இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் யோஷிதா ஹிகோரோகுரோ என்ற ஜப்பானிய வேதியியலாளர்தான். கைவினைஞர்கள் பூசிய பொருளை ஈரப்பதம் நிறைந்த மரப்பெட்டிக்குள் நாள்கணக்கில் வைப்பார்கள். உலர உலர ஈரம் தேவைப்படும் பூச்சு என்பது என் தொழிலில் எனக்குத் தெரிந்த வியப்புகளில் ஒன்று. முற்றும் கெட்டியானபின் அது வலிய அமிலங்களுக்கும் அசைந்து கொடுப்பதில்லை. பதமாகும் முன் தொட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆசைப்பட்டு ஓர் உருஷி வகுப்பில் சேர்ந்தேன்; மூன்றாம் நாளே முழங்கை வரை வீங்கி, இரண்டு வாரம் தூங்க முடியாமல் தவித்தேன்.

பூச்சில் எங்களுக்கு எதிரி ஊசித்துளை. பார்க்க வழவழவென்று பளபளக்கும் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை இருந்தால் போதும்; அமிலம் அதன் வழியே நுழைந்து அடியில் உள்ள இரும்பைத் தின்னும். நாங்கள் தொட்டிக்குள் இறங்கி, ஈரப் பஞ்சு கட்டிய கோலைச் சுவரெங்கும் நகர்த்துவோம். கருவியின் ஒரு முனை தொட்டியின் இரும்போடும் மறுமுனை பஞ்சோடும் இணைந்திருக்கும். எங்காவது துளை இருந்தால் ஈரம் இரும்பைத் தொட்டு மின்சுற்று முழுமையாகி மணி ஒலிக்கும். தலைக்கு மேல் ஒரு சிறு வட்டத்தில் மட்டும் வெளிச்சம் தெரியும் தொட்டிக்குள் மண்டியிட்டு, அந்த மணி ஒலிக்கக்கூடாதே என்று காதைக் கூர்மையாக்கியபடி எத்தனை மணிநேரம் கழித்திருப்பேன்! எங்கள் தொட்டியில் துளை விட்டுப்போனால் சில ஆண்டுகளில் ஒரு கசிவு வரும், தொட்டியை நிறுத்திச் சரிசெய்வோம். குண்டின் உட்சுவர் அந்த வாய்ப்பைத் தராது. குறுகிய வாய் கொண்ட கனத்த எஃகு ஓட்டின் உட்புறம் முழுவதும், ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான ஓடுகளில், ஒரே சீராகப் படலம் நிற்க வேண்டும். பிறகு 122 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும் அமிலம். இதைத் தொழிற்சாலை முறையாக நிலைநிறுத்தியதுதான் ஷிமோசேயின் சாதனை. 1893இல் கடற்படை அதை ஏற்று அவர் பெயரையே சூட்டியது.

அடுத்த ஆண்டே சீனாவோடு போர் வந்தது. அந்தப் போருக்கு மருந்து தயாராகவில்லை. 1899இல் டோக்கியோவின் வடக்கே டகினோகாவாவில் தனித் தொழிற்சாலை எழுந்தது. அதன் தலைவராக ஷிமோசே அமர்ந்தார். அதே ஆண்டு அவருக்குப் பொறியியல் முனைவர் பட்டமும் கிடைத்தது.

அப்படியானால் சுஷிமாவில் நடந்தது என்ன? குண்டின் உள்ளே ஷிமோசேயின் மருந்து. அதன் அடியில் இஜூயின் கோரோ என்ற அதிகாரி வடிவமைத்த வெடிமூட்டி. அந்த வெடிமூட்டி மிகக் கூர்மையானது. கயிறு, புகைபோக்கி, நீர்ப்பரப்பு எதில் பட்டாலும் இயங்கியது. குண்டு ரஷ்யக் கவசத்தைத் துளைத்து உள்ளே போகவில்லை. மேலேயே வெடித்தது. எஃகு ஓடு நுண்ணிய சில்லுகளாகச் சிதறியது. அந்த வெப்பத்தில் கப்பலின் வண்ணப்பூச்சு தீப்பற்றி எரிந்ததாகத் தப்பிய ரஷ்ய மாலுமிகள் எழுதியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது பூச்சுக்காரியான எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒரு பூச்சு குண்டைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தது; இன்னொரு பூச்சு மனிதர்களைச் சூழ்ந்து எரிந்தது. ரஷ்யத் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். ஜப்பானியத் தரப்பில் 117 பேர்.

ஆனாலும் இந்தக் கணக்கை ஒரு மருந்தின் பெயரில் எழுதுவது நியாயமல்ல. ரஷ்யக் கப்பல்கள் பால்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ பாதி உலகைச் சுற்றி, அடிப்பாகம் பாசி படிந்து, அளவுக்கு மீறிய நிலக்கரிச் சுமையோடு வந்தவை. அவற்றின் குண்டுகளில் பல வெடிக்கவே இல்லை. ஜப்பானியக் கப்பல்கள் வேகமானவை, பயிற்சி பெற்றவை. எதிரியைக் கண்டதும் செய்தி அனுப்பக் கம்பியில்லாத் தந்தி இருந்தது. அதை உருவாக்கிய கிமுரா ஷுன்கிச்சியும் தங்கள் கட்டுரையில் ஒரு பெயராகக்கூட வரவில்லை.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது, அதைச் சொல்லாமல் ஷிமோசேயைப் புகழ்ந்தால் நான் பாதிப் பொய் சொன்னவளாவேன். ஜப்பானியப் பீரங்கிகள் தம் சொந்தக் குண்டுகளாலேயே வெடித்தன. 1904 ஆகஸ்ட் 10 அன்று மஞ்சள் கடற்போரில் நடந்தது, சுஷிமாவிலும் நடந்தது. சுஷிமாவில் நிஷின் என்ற கப்பலில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் அன்று இடக்கையின் இரண்டு விரல்களை இழந்தார். பிற்காலத்தில் யாமமோட்டோ இசொரோக்கு என்ற பெயரில் ஜப்பானின் ஒன்றுபட்ட கடற்படைக்குத் தலைமை ஏற்றவர் அவர்தான். எதிரியின் குண்டால் அல்ல, தம் கப்பலின் பீரங்கி வெடித்ததால்தான் அந்த விரல்கள் போயின என்று வரலாற்றாய்வாளர் பலர் கருதுகிறார்கள். குற்றம் கூர்மையான வெடிமூட்டியுடையதா, மருந்தினுடையதா, ஓட்டினுடையதா என்ற வாதம் நீண்டது. எதுவாயினும், ஏற்றிய பீரங்கியின் அருகில் நின்றவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் படலத்தின்மேல் தங்கள் உயிரை வைத்தார்கள். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறு நாள்கூட ஆகாத நிலையில், 1905 செப்டம்பர் 11 அதிகாலையில், தோகோவின் மிக்காசா கப்பல் சசெபோ துறைமுகத்தில் நின்றபடியே உள்ளே வெடித்து மூழ்கியது. சுஷிமாவில் இறந்த ஜப்பானியரைவிட மிகுதியான மாலுமிகள் அந்த ஒரு இரவில் அந்தக் கப்பலில் இறந்தார்கள். அதன் காரணத்தைப் பற்றி ஒருமித்த முடிவு கிடையாது. அதை ஷிமோசேயின் தலையில் ஏற்றுவதும் தவறு. ஆனால் பிக்ரிக் அமிலத்தோடு வாழ்வது எத்தகைய வாழ்க்கை என்பதை மற்ற நாடுகளும் உணரத் தொடங்கியிருந்தன. உலோகத்தோடு சண்டையிடாத டிஎன்டி என்ற வெடிமருந்துக்கு ஜெர்மானியர் அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டார்கள். ஜப்பானியக் கடற்படை 1931 வரை ஷிமோசேயின் வழியிலேயே நின்றது.

அவ்வளவு காலம் அவர் வாழவில்லை. 1911 செப்டம்பரில் 51ஆம் வயதில் இறந்தார்.

அவருடைய தொழிற்சாலை இருந்த, டகினோகாவாவைச் சேர்ந்த நிசிகஹாரா பகுதிக்கு என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அங்கே ஒரு சரிவுத் தெருவுக்கு இன்றும் 'ஷிமோசே-ஸகா' என்றுதான் பெயர். வெடிமருந்துத் தொழிற்சாலை இடம் மாறிய பிறகு, அந்த நிலத்துக்கு வந்து சேர்ந்தது எது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். டோக்கியோவின் அயல்மொழிக் கல்வி நிலையம். 2000ஆம் ஆண்டு ஃபுச்சு நகருக்குப் போகும் வரை, டோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருந்தது. என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றிய ஓர் அம்மையார் அங்கே ரஷ்ய மொழி படித்தவர். சுகாமோ நிலையத்தில் இறங்கி, சோமெய் கல்லறைத் தோட்டத்தின் ஊடே நடந்துதான் வகுப்புக்குப் போவோம் என்பார். வினைச்சொல் வாய்ப்பாடுகளைக் கல்லறைகளுக்கு நடுவே மனப்பாடம் செய்ததாகச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தோட்டத்தில்தான் ஷிமோசே அடங்கியிருக்கிறார். அவர் வெடிமருந்து செய்த இடத்துக்கும் அவருடைய கல்லறைக்கும் சில நிமிட நடைதான். அதே தோட்டத்தில் ஃபுதபதெய் ஷிமெய்யும் இருக்கிறார். ரஷ்ய இலக்கியத்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்த எழுத்தாளர். அந்த அயல்மொழிப் பள்ளியின் பழைய வடிவத்தில் ரஷ்ய மொழி படித்து, பின்பு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். 1909இல் ரஷ்யாவிலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது வங்காள விரிகுடாவில் இறந்தார், சிங்கப்பூரில் எரியூட்டினார்கள். ரஷ்யக் கப்பல்களை எரித்த குண்டைச் செய்தவரும் ரஷ்யர்களின் மனத்தைத் தன் மக்களுக்குப் படித்துக் காட்டியவரும் ஒரே மரங்களின் நிழலில் கிடக்கிறார்கள். அந்த அம்மையாரோடு நான் முதல் முறை அங்கே போனபோது, அவர் கொண்டுவந்த பூக்களை இரண்டாகப் பிரித்து இருவருக்கும் வைத்தார். நானும் அப்போதிலிருந்து அப்படியே செய்கிறேன்.

ஆசிரியரே, தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஷிமோசே ஆயுதம் செய்தவர். அதற்காக அவரைக் கொண்டாடும்படி நான் கேட்கவில்லை. அவருடைய குண்டுகளால் எரிந்தவர்களையும் அவருடைய குண்டுகளை ஏற்றும்போதே இறந்தவர்களையும் என்னால் மறக்க முடியாது. ஆனால் அவர் செய்யாததைச் செய்ததாக எழுதும்போது, அவர் உண்மையில் செய்தது காணாமல் போகிறது. தெரிந்த பொருள் ஒன்றைக் கையாளத்தக்கதாக மாற்ற, தெரிந்த பூச்சு ஒன்றைப் புதிய இடத்தில் பூசியவர் அவர். இளம் வேதியியல் மாணவர்கள் தங்கள் இணைப்பைப் படிக்கிறார்கள். புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தால்தான் விஞ்ஞானி என்று அவர்கள் நினைத்துவிட வேண்டாம் என்பதே என் கவலை.

கட்டுரையாளருக்கு அடுத்த முறை இடம் கிடைத்தால், அந்த அச்சக மை ஆண்டுகளைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் குறிப்புகளை மகிழ்ச்சியோடு அனுப்புகிறேன். திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், பெயரை ஷிமோசே மசாச்சிகா என்று முழுமையாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'ஷிமோஸ்' என்பது ஆங்கில எழுத்துகளை ஆங்கில முறையில் வாசித்ததால் வந்த பிழை. குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அவருடைய கல்லறையிலும் அந்த வரிசையில்தான் வெட்டியிருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பூச்சுப் பொறியாளர் ஒருவர்,
டோக்கியோ